அந்த டகோட்டாவை இடம் மாற்றியவன்

தம்பி,

வருகிற திங்கட்கிழமைக்குள் நீ லேப் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். மருமகள் சுதா தொலைபேசியில் சொன்னாள். உனக்குத் தெரியாமல் என்னை அழைத்தாள் என்று அவளைக் கோபிக்காதே. பல் கட்டும் அந்த லேப்பில் ஒன்பது வருடமாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் உன்னை, மேசையில் உட்கார்ந்து பல் செய்யப் பழகச் சொல்கிறார்கள். நீ மாட்டேன் என்கிறாய். யாரோ கெடுத்து வைத்துவிட்டுப் போன மெழுகுப் பல் ஒன்றை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நீ எடுத்துச் சீவிச் சரிசெய்ததை டாக்டரம்மா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று பார்த்திருக்கிறார். கேட்டபோது, "நான் தொடவே இல்ல மேடம்" என்று சாதித்தாயாம். சுதா என்னிடம் கேட்டாள்: "மாமா, அவரு கைக்கு என்னதான் ஆச்சு? கேட்டா, 'என் கை தொட்டதெல்லாம் கெட்டுப்போகும், எங்க அப்பாவே சொன்னது'ங்கிறாரு. நீங்க அப்படியா சொன்னீங்க?"

சொன்னேன். காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், துரைக்கும் நூறு பேருக்கும் முன்னால் சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். பதினாறு வருடமாக நீ அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்க விட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது நீ திங்கட்கிழமை அந்த மேசையில் உட்காருவதா இல்லையா என்று முடிவெடுக்க உனக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடும். அதோடு உனக்கு ஓர் அப்பா இல்லாமலும் போகலாம். இது ஆறாவது பிரதி. முன்னைய ஐந்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாக்கியங்கள் ஏதோ ஒரு மூலையில் புகுந்துவிட்டன. படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். இதிலும் எங்காவது புகுந்திருக்கும். கண்டால் அந்த வாக்கியத்தை நம்பாதே.

நான் பயந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் என் பயம் எப்படி வேலை செய்யும் என்று நீ அறிய மாட்டாய். இருபத்திரண்டு வருடம் டீமேக்கராக இருந்தேன். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போகும் வரை தொழிற்சாலைக்குள் எல்லாம் என் பொறுப்பு. வெப்பமானியைப் பார்க்காமல் ஒரு வேலையும் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளப்பேன். ஆட்கள் அதைத் திறமை என்றார்கள். உண்மையில் அது, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டுமே என்ற நடுக்கம். ஏ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவன், ஒரு துரை கூப்பிட்டு "இங்க ஒரு வேலை இருக்கு" என்றதும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். அந்த இரண்டு சொற்களையும் யோசித்த பிறகு நான் சொன்னதே இல்லை.

பெரிய துரை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அந்த விமானத்தைப் பற்றிக் கேட்டதும் அப்படித்தான். "டீமேக்கர், நீங்க சின்ன சின்ன பிளேன் ஒட்டுறது தானே? நம்ம கம்பெனி சேர்மனோட அப்பா அந்தக் காலத்துல டகோட்டா ஓட்டினவர். சேர்மன் தோட்டம் பார்க்க வர்றார். அந்த பிளேன் ஒன்னு செஞ்சு குடுத்தா எப்படி?" என்றார். அவரே வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்து வைத்திருந்தார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் துண்டுகள். நான் பெட்டியைத் திறக்குமுன்பே "சரிங்க சார்" என்றேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அது இராணுவச் சரக்கு விமானம். சேர்மனின் அப்பா ஓட்டியதோ பயணிகள் விமானம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். கிட்டப் போனால் தெரியும். சரக்கு விமானத்துக்குப் பக்கவாட்டில் இரட்டைக் கதவு, வால் நுனி மொட்டையாக வெட்டியிருக்கும், உள்ளே சுவரோரம் உட்கார நீள வாங்குகள். பயணிகள் விமானத்துக்கு ஒற்றைக் கதவு, கூர்மையான வால், வரிசையாக இருபத்தொரு இருக்கைகள். இல்லாத துண்டுகளை எல்லாம் நாமே கையால் செய்ய வேண்டும். துரையிடம் திரும்பிப் போய் "இது வேற பிளேன் சார்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் அந்த வேலையே தொடங்கியது. அதுவும் என் பயத்தின் பிள்ளை.

உனக்கு அப்போது பதினேழு. முதல் வாரம் நான் உன்னைத் தொட விடவில்லை. நினைவிருக்கிறதா? யோகட் கோப்பையின் அடியை வெட்டித் தட்டையாக்கி, அதிலிருந்து இருக்கை செய்துகொண்டிருந்தேன். ஒரு துவரம்பருப்பு அளவு இருக்கை. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, வெட்டி, முதுகை ஒட்டி, ஐந்து நாளில் நான்கு செய்திருந்தேன். நான்கும் நான்கு உயரம். நீ பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, ஏன் ஒன்னு ஒன்னா செய்றீங்க? நீளமா ஒரே வாங்கு மாதிரி ஒட்டிட்டு, பேக்கரி பாண் வெட்டுற மாதிரி துண்டு துண்டா வெட்டலாமே" என்றாய். கோப்பையை உன் பக்கம் தள்ளினேன். நீ ஒரு பிற்பகலில் இருபத்தொன்றையும் வெட்டி முடித்தாய். எல்லாம் ஒரே அளவு. வெர்னியர் கொண்டு அளந்தேன், ஒரு தவறாவது இருக்குமா என்று. இல்லை. "நல்லா இருக்கு" என்று நான் சொன்னதாக நீ நினைத்துக்கொண்டிருந்தால், அது உன் நினைவின் பிழை. நான் சொன்னது, "பசை கூடிப் போச்சு."

பிறகு வால் நுனி. மரத்தில் ஐந்து முறை செதுக்கினேன். ஐந்தும் ஒருபக்கம் சாய்ந்தன. நீ பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பழைய பேனா மூடி ஒன்றை எடுத்து, அதன் நுனியை அறுத்து, வாலில் வைத்துப் பிடித்தாய். அந்த வளைவு வரைபடத்தின் மேல் அச்சாகப் பொருந்தியது. மிச்சப் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவத்தில் கரைத்துக் கூழாக்கி இடைவெளியை அடைத்துத் தேய்த்தாய். எங்கே விமானம் முடிகிறது, எங்கே பேனா மூடி தொடங்குகிறது என்று விரல் நகத்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரட்டைக் கதவை அடைத்து ஒற்றைக் கதவு வெட்டியது நீ. எரிந்துபோன மோட்டரின் செப்புக் கம்பியை உரித்து, எஞ்சின் உருளைகளில் மயிரிழை மயிரிழையாகச் சுற்றியதும் நீ. என் பங்கு, இறக்கைகளைப் பெட்டியில் சொன்னபடி ஒட்டியது மட்டும். ஒரு தகப்பன் இதைப் பார்த்து மகிழ வேண்டும். நான் மகிழவில்லை. உன் விரல்களைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ புளித்தது. நாற்பது வருடம் அளந்து அளந்து வாழ்ந்தவனுக்குக் கிடைக்காதது, ஒரு முறைகூட அளக்காத உனக்குக் கிடைத்திருந்தது. இதை ஒரு மனிதரிடமும் நான் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூட.

தொழிற்சாலை மேசையில் வைத்து நீ வண்ணம் பூசியபோது சல்லடை வேலை செய்யும் பெண்கள் சுற்றி நின்றார்கள். பேச்சியம்மா, "தம்பி, இந்த பிளேனுல எங்கள ஏத்திக்கிட்டுப் போயி அட்டன்ல எறக்கி விடுவியா? பஸ்ஸுல நின்னு நின்னு காலு போச்சுப்பா" என்று கேட்டாள். "உன்னய ஏத்துனா இது மேல எழும்பாதுடி, நேரா மஸ்கெலியா டேம்லதான் விழும்" என்றாள் இன்னொருத்தி. நீ சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு ஜன்னல் சீட் போட்டாச்சு" என்றாய். அப்படி நீ சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த வாரம்தான் துரை வந்து வால் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று கேட்டார். நான், "பொடியன் கொஞ்சம் உதவி செஞ்சானுங்க சார்" என்றேன். "இரத்மலானையில பிளேன் மெக்கானிக் பழக்குற இடம் இருக்கு. சேர்மன் ஒரு சொல் சொன்னா எடுப்பாங்க. இதைக் குடுக்கும்போது நான் பேசுறேன்" என்றார். நீ அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை. உன் அம்மா, போகும்போது காலுக்குப் போட உனக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றாள்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாத பகுதி.

சேர்மன் வருவதற்கு முந்தைய நாள் வெள்ளி வண்ணத்தின் கடைசிப் பூச்சு காயவில்லை. மூன்று நாளாக மழை, மூடுபனி. தொட்டால் விரல் ஒட்டியது. நீ அதைக் கொண்டுபோய் டிரையரின் பின்பக்கம், காற்று வெளியேறும் இடத்துக்கு மேலே உள்ள பலகையில் வைத்தாய். தேயிலையைக் காயவைக்கும் அந்த இயந்திரத்துக்குள் போகும் காற்று தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. தேயிலையைக் கடந்து வெளியே வரும் காற்று கை தாங்கும் சூடு. ஆட்கள் நனைந்த கம்பளியும் காலுறையும் காயப்போடுவது அந்த வெளிப் பலகையில்தான். நீ யோசித்துத்தான் வைத்தாய். சரியான இடம் அது. இந்த ஒரு வரியை மட்டும் நீ திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்: நீ வைத்த இடம் சரி.

நீ வீட்டுக்குப் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். அன்றைய வேலை முடிந்து டிரையர் அணைந்திருந்தது. வண்ணம் இன்னும் ஒட்டியது. முன்பக்கம், சூடான காற்று உள்ளே போகும் குழாயின் மேல் கை வைத்துப் பார்த்தேன். அணைந்த பிறகும் அதில் இளஞ்சூடு தங்கியிருந்தது. இங்கே வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும், காலையில் டிரையர் மூட்டுவது ஆறு மணிக்கு, ஐந்தரைக்கு வந்து எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தூக்கிக்கொண்டு வந்து குழாய் மேல் உள்ள பலகையில் வைத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் நகர்த்தினேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்ணம் காய வேண்டும் என்பது பாதிக் காரணம். அந்த விமானத்தில் கடைசியாக ஒரு நல்ல முடிவை நான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது மறுபாதி.

இருட்டுவதற்கு முன் துரை தொலைபேசியில் கூப்பிட்டார். "டீமேக்கர், சேர்மன் நேரத்தோட வர்றாராம். அவர் உள்ள வரும்போது தேயிலை வாசம் வரணும். டிரையரை நாலு மணிக்கே மூட்டச் சொல்லுங்க." "சரிங்க சார்." தொலைபேசியை வைத்தேன், டிரையர்காரரைக் கூப்பிட்டேன், "நாலு மணிக்கு" என்றேன். அவ்வளவுதான். துரையின் குரல் காதில் இருந்தவரை என் தலைக்குள் வேறு ஒன்றும் இருக்கவில்லை. விமானம் இருக்கவில்லை. நீ இருக்கவில்லை. எதையும் இரண்டு முறை அளப்பவன், துரை பேசினால் ஒரு முறைகூட யோசிக்க மாட்டான். ஒரு மேலதிகாரி உன்னிடம் ஏதாவது சொல்லும்போது, பதில் சொல்லுமுன் கையில் இருக்கும் வேலையை ஒரு தடவை குனிந்து பார். இந்தக் கடிதத்தில் நான் தரக்கூடிய ஒரே புத்திமதி இது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஐந்தரைக்குப் போனேன். டிரையர் ஒன்றரை மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இறக்கைகளும் வாடிய கொழுந்து மாதிரித் தொங்கின. முதுகு உள்ளே அமுங்கியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் இருபத்தொரு இருக்கைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரே கட்டியாகக் கிடந்தன. வால் நுனி மட்டும் அப்படியே இருந்தது. பேனா மூடி வேறு பிளாஸ்டிக் அல்லவா.

அந்த நேரத்தில் டிரையர் பக்கம் ஆள் இல்லை. டிரையர்காரர் விறகு எடுக்கப் போயிருந்தார். நான் பதறவில்லை, தம்பி. பதறியிருந்தால் மன்னிக்க ஓர் இடம் இருந்திருக்கும். விமானத்தைப் பலகையிலிருந்து பெயர்த்துத் தரையில் வைத்து, ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறியதும் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், நீ வைத்த அதே பலகையில், நீ வைத்த அதே திசையில் மூக்கு இருக்கும்படி வைத்தேன். பிறகு அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேநீர் குடித்தேன். உன்னைக் கூட்டி வர ஆள் அனுப்பினேன்.

பெரட்டுக் களத்தில் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், நான் எதையும் மறக்கவில்லை என்று நீ அறிய வேண்டும். வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் நின்றார்கள். துரை விமானத்தை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவரச் செய்தார். செத்துப்போன கோழியைக் கொண்டு வருவதுபோல் கொண்டு வந்தார்கள்.

"யார் இதை டிரையர்கிட்ட வச்சது?" என்றார் துரை.

"நான்தாங்க சார்" என்றாய் நீ. நீ வைத்தாய் என்பது உண்மைதானே. "ஆனா பின்பக்கம்தான் சார் வச்சேன். அங்க சூடு வராதுங்க. அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. அங்க காலொற கூட காயப்போடுவாங்கதானே?"

நீ என்னைப் பார்த்தாய். கூட்டமே என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நான்கு மூச்சு நேரம் இருந்தது. என் வாழ்நாளில் நான் உன்னை அடித்ததில்லை. அன்று அடித்தேன். உன் கன்னத்தில் விழுந்த அடியின் சத்தம் என் காதில் பட்டபோது, எனக்கு முதலில் வந்தது ஆறுதல். இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்ற ஆறுதல். பிறகு துரையின் பக்கம் திரும்பி, "இவன் கையில ஒன்னையும் குடுக்கப்படாதுங்க சார். தொட்டதெல்லாம் கெட்டுப்போகும். அப்படி ஒரு கை" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். "பிளேனச் சுட்டுப்புட்டான்டா" என்றான் ஒருவன். நீ உன் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாய். இன்றைக்கும் நீ யார் முன்னால் நின்றாலும் அந்தக் கையைப் பைக்குள்தான் வைத்திருக்கிறாய். உன் கல்யாணப் படங்களில் பார்த்தேன்.

துரை சேர்மனிடம் இரத்மலானையைப் பற்றிப் பேசவில்லை. "சுட்ட பிளேன்" உன் பெயரானது. லயத்து வீடுகளின் பிள்ளைகள் பாதையில் உன்னைக் கண்டால் கையை இறக்கைபோல் விரித்து, அப்படியே தொங்கவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் நான் உன்னோடு நடந்து வரும்போது அப்படிச் செய்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதம் கொழும்புக்குப் போய்விட்டாய். பஸ்ஸில் ஏறும்போது "மன்னிச்சிருங்கப்பா, உங்க பேர கெடுத்துட்டேன்" என்று சொன்னாய். "சரி, போ. கவனமா இரு" என்றேன். மன்னித்தவன்போல் தலையாட்டினேன். இதை எழுதும்போதுதான் பேனா நின்றது. அடித்ததை எழுதும்போதுகூட நிற்கவில்லை.

சுதா பேசிய மறுநாள் நுவரெலியாவுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு துரை அங்கேதான் இருக்கிறார். உனக்குச் சொல்லுமுன் அவரிடம் சொல்லிவிட வேண்டும், உன் பெயரை அவர் மனத்திலாவது சுத்தமாக்க வேண்டும் என்று நினைத்தேன். அதிலும் ஒழுங்கு பார்த்தேன் போலிருக்கிறது, மேலிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று. உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"எனக்கு அன்னைக்கே தெரியும் தானே, டீமேக்கர். நீங்க பெரட்டுக் களத்துக்கு வர முந்தியே நான் டிரையரைச் சுத்திப் பார்த்தேன். முன்பக்கக் குழாய்ப் பலகையில பிளேன் நிக்கிற ரெண்டு சில்லும் உருகி ஒட்டின அடையாளம். வெள்ளி பெயின்டும் இருந்துச்சு. ஒரு துணி எடுத்துத் துடைச்சிருக்கலாம் நீங்க."

"அப்போ ஏன் சார்…"

"சேர்மன்கிட்ட ஒரு பதில் சொல்லணும் தானே. டீமேக்கர் பிழை விட்டார்னா, அது தோட்டத்துக்கு நல்லா இல்ல. சின்னப் பொடியன் குறும்புன்னா சிரிச்சிட்டுப் போவார். சிரிச்சிட்டுத்தான் போனார்." கைத்தடியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினார். "இன்னொன்னு. சொந்த மகனையே தூக்கிக் குடுத்த ஆள் ஒருநாளும் எனக்கு எதிரா நிக்க மாட்டார்னு அன்னைக்கு விளங்கிச்சு. ஓய்வு வயசுக்குப் பொறகும் ரெண்டு வருஷம் உங்கள வச்சிருந்தேன், ஏன்னு நினைச்சீங்க? தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன், தம்பி. அந்தத் தேநீரையும் "சரிங்க சார்" என்று வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த இரண்டு வருடத்தில் என்னிடம் நீட்டப்பட்ட கடிதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திய கடிதங்கள். சாட்சி என்ற இடத்தில் என் அழகான கையெழுத்து. நான் உன்னை ஒரு முறை விற்றதாகத்தான் நினைத்திருந்தேன். அதை வாங்கியவர் தினமும் பயன்படுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு, "அவன் போன அன்னைக்கு ராவெல்லாம் நான் அழுதேன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, 'அழாத, பொடியனுக்கு இது ஒரு பாடம்'னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அவன் சின்ன வயசுல எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுப்பான். அதுக்கப்புறம் லீவுல வந்தப்ப கேட்டேன். 'வேணாம்மா, நான் தொட்டா அறுந்துடும்'னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அவள் அடுத்த அறையில் சாப்பிடுகிறாள். ஐம்பது வருடத்தில் இது முதல் முறை.

இதுவரை எழுதியதன் பிரதி ஒன்றை வாசிகசாலைப் பலகையில் இன்று காலை நானே குத்திவிட்டு வந்தேன். பொய்யை நூறு பேர் முன்னால் சொன்னவன் உண்மையைத் தபால் உறைக்குள் ஒளித்துச் சொல்லக்கூடாது. அங்கே நான் தலைவன். செயலாளர் பொடியன் படித்துவிட்டு, "ஐயா, இது எதுக்குங்க? எல்லாரும் மறந்துபோன விசயம். உங்க மரியாத என்னாகும்?" என்றான். எல்லோரும் மறந்துவிட்டார்கள், உண்மைதான். நீ மறக்கவில்லை. நான் திரும்பி வரும்போது பேச்சியம்மா பலகைக்கு முன்னால் பேத்தியை நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை. பாதையின் மறுபக்கம் பார்த்து எச்சில் துப்பினாள். என்னை நோக்கி இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நீ அப்படிப்பட்டவன். அந்த வேலையை உன் தலையில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அந்த மேசையில் உட்காருவது என் குற்றத்தைக் கழுவும் என்று நினைத்து உட்காராதே. என்மேல் உள்ள கோபத்தில் உட்காராமலும் இருக்காதே. அந்த மெழுகுப் பல்லைச் சீவியபோது உன் விரல்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யோசி. அந்த நேரத்தில் உன் நினைவுக்கு அப்பாவோ துரையோ பெரட்டுக் களமோ வந்திருக்காது. திங்கட்கிழமை அதை வைத்து முடிவெடு.

என்ன முடிவெடுத்தாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசைக்கு எனக்கு உரிமை இல்லை என்பதால் எனக்கு எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம். அம்மாவிடம் சொல். சற்றுமுன் அவளிடம் கேட்டேன், "தம்பி உன்கிட்ட சொன்னா, நீ எனக்குச் சொல்லுவியா?" என்று. அவள் உறைக்கு ஒட்ட முத்திரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "சொல்ல மாட்டேன்" என்றாள்.

அப்பா